பின்பனிக் கால லண்டன்: புதிதாக வந்தவர்கள் காசு செலவழிக்காமல் ஊர் பார்ப்பது எப்படி?

லண்டனுக்கு வந்து இறங்கிய முதல் சில மாதங்களில் கையில் காசு தங்காது. அறைக்கு முன்பணம், ஒரு கனத்த கோட்டு, ரயில் கட்டணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஈஸ்ட் ஹாமில் ஓர் ஒற்றை அறையில் இருந்த என் முதல் மார்ச் மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் போர்வைக்குள்ளேயே கழித்தேன். வெளியே காலெடுத்து வைத்தால் செலவு என்ற பயம். எந்த விலையைப் பார்த்தாலும் மனம் தானாக அதை ரூபாயாகப் பெருக்கிக்கொள்ளும். இந்த ஊரின் மிகப் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் பூங்காக்களுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது என்று தெரிந்தபோது வீணாய்ப் போன வாரங்களை நினைத்து வருத்தமாக இருந்தது. அந்த வாரங்களை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பூங்கா, அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கூரை. மார்ச் மாதத்தில் லண்டனைச் சுற்ற இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியவில்லை. காரணம், வானிலை. இங்கே மார்ச் முதல் தேதியே வசந்தம் பிறந்துவிட்டதாக வானிலைக் கணக்கில் சொல்வார்கள். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்; இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். லண்டன் மார்ச்சுக்கு நம் பெயர்தான் அச்சாகப் பொருந்துகிறது. ஜன்னல் வழியே பளீரென்று வெயிலைப் பார்த்துவிட்டு, ஒரு பருத்திச் சட்டையோடு நான் கிளம்பிய நாளில், மூன்று மணிக்கெல்லாம் ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒதுங்கக் கூரை இல்லாத புல்வெளியின் நடுவில் நின்றேன். அன்றைக்குக் கற்ற பாடம்தான் மேலே சொன்ன விதி.

கிளம்புவதற்கு முன்

தடித்த ஓர் ஆடையைவிட மெல்லிய இரண்டு, மேலே காற்றுப் புகாத ஒரு தலைமூடி ஜாக்கெட். குடையை நம்பாதீர்கள், தேம்ஸ் கரைக் காற்று அதை ஒரே வீச்சில் மடக்கிப் போட்டுவிடும். புல்தரை ஏப்ரல் வரைக்கும் சொதசொதவென்றுதான் இருக்கும், அதனால் துணிச் செருப்பு வேண்டாம்.

மார்ச் தொடக்கத்தில் மாலை 5.45 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அன்று முதல் மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். இந்திய நேரத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளி ஐந்தரை மணியிலிருந்து நாலரை மணியாகக் குறையும். வீட்டுக்குத் தொலைபேசும் நேரத்தையும் அன்றே மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அம்மா காத்திருப்பார்.

பயணச் செலவை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ட்யூப் ரயிலைவிட பஸ் மலிவு. லண்டன் பஸ்களில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. பணம் ஏற்றிக்கொள்ளும் ஆய்ஸ்டர் பயணக் கார்டையோ வங்கிக் கார்டையோ தொட்டுக்காட்ட வேண்டும். முதல் பஸ்ஸில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கார்டைத்தான் தொட வேண்டும். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும், போனில் தொடுவதையும் கார்டில் தொடுவதையும் வேறு வேறாகவே கணக்கிடுவார்கள். கணவனும் மனைவியும் ஒரே கார்டை மாற்றி மாற்றித் தொட முடியாது. 15-ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன் இருக்கை கிடைத்தால் டிராஃபால்கர் சதுக்கம், செயின்ட் பால்ஸ் பேராலயம், டவர் கோட்டை மூன்றையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். எலுமிச்சைச் சாதமோ சப்பாத்திச் சுருளோ, ஆறினாலும் ருசி போகாததாக இருக்கட்டும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவதை இங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. மத்தியானத்தில் பாதி அலுவலகமும் அப்படித்தான் சாப்பிடுகிறது. தண்ணீர் பாட்டிலை அருங்காட்சியகங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசியாக, கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியக வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். ஐந்து பவுண்டு போடலாமே என்று எழுதியிருக்கும். இணையத்தில் இலவச டிக்கெட் எடுக்கும்போதும் நன்கொடை கேட்கும். இரண்டுமே விருப்பம்தான். ஒன்றும் போடாமல் தலைநிமிர்ந்து உள்ளே போங்கள். நாட்டின் அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பது 2001 டிசம்பரிலிருந்து அரசின் கொள்கை. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அதில் சேர்கிறது. நிலைமை சீரானதும் போடுங்கள். நான் இப்போது போடுகிறேன்.

முதல் நாள்: செயின்ட் ஜேம்ஸ் பூங்கா

முதல் நாளை இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். மார்ச் நடுவில் ஏரிக்கரைச் சரிவெல்லாம் டாஃபடில் மலர்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். பறிக்கக் கூடாது, அரச பூங்காக்களில் அது குற்றம். ஏரியில் கூழைக்கடாக்களைப் பார்ப்பீர்கள். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பார்த்த அதே குடும்பத்துப் பறவை. 1664-இல் ரஷ்யத் தூதர் மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து இந்த ஏரியில் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் பணியாளர் ஒருவர் மீன் வாளியோடு வருவார். அந்த நேரத்துக்குத் திரும்பி வரும்படி திட்டமிடுங்கள்.

பதினொரு மணிக்குப் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் குதிரைப்படைக் காவலர்கள் பணி மாறுவார்கள் (ஞாயிறன்று பத்து மணி). பக்கிங்ஹாம் அரண்மனை முன் நடக்கும் காவல் மாற்றம்தான் பெயர் பெற்றது. ஆனால் அங்கே ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றாலும் பெரும்பாலும் மற்றவர்களின் பின்னந்தலைகளைத்தான் பார்ப்பீர்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஹார்ஸ் கார்ட்ஸே நல்லது. குதிரையின் மூச்சு குளிரில் ஆவியாக எழுவது தெரியும் தூரத்தில் நிற்கலாம்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் டிராஃபால்கர் சதுக்கம், அதன் வடக்குப் பக்கத்தில் நேஷனல் கேலரி. அன்றைய கூரை இதுதான். 1824-இல் தொடங்கிய ஓவியக் கூடம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், கால்தான் வலிக்கும். வான்கோ 1888-இல் வரைந்த சூரியகாந்திப் பூக்களுக்கு நேராகப் போங்கள். அச்சிட்ட படங்களில் தெரியாத ஒன்று அங்கே தெரியும்: பக்கவாட்டில் நின்று பார்த்தால், பூவின் நடுப்பகுதியில் வர்ணம் அப்பளப் பொரி போல மேடுமேடாக நிற்கிறது. பிறகு டர்னரின் பழைய போர்க்கப்பல். இரண்டு ஓவியங்களுக்கு முன்னால் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் முதல் நாளைக்குப் போதும்.

மாலையில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. சுற்றிப் பார்க்கப் போனால் கட்டணம் அதிகம். மாலை வழிபாட்டுக்குப் போனால் கட்டணமே இல்லை. வார நாள்களில் பெரும்பாலும் ஐந்து மணிக்கு நடக்கும். நாலரைக்கு வரிசையில் நின்றுவிடுங்கள். புதன்கிழமை பாட்டு இல்லாமல் வாசிப்பு மட்டும் நடப்பது வழக்கம் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். எந்த மதத்தவரும் போகலாம். சிவன் கோயிலில் சாயரட்சை பூசை நேரத்தில் ஓதுவார் தேவாரம் பாடக் கேட்டிருப்பீர்கள். அதே பொழுதில், அதே மனநிலையில், ஆயிரமாண்டுப் பழமை கொண்ட வழிபாட்டுத் தலத்தில் பாடகர் குழு பைபிளின் சங்கீதங்களைப் பாடுகிறது. சிறுவர் குரல் மேல் கூரையில் மோதித் திரும்பி வரும் அந்த ஒரு கணத்துக்காகவே பலமுறை போயிருக்கிறேன். படம் எடுக்கக் கூடாது, எழுந்து சுற்றக் கூடாது. செயின்ட் பால்ஸ் பேராலயத்திலும் இதே முறைதான்.

கிளிகளும் திமிங்கிலமும்

இரண்டாவது வாரம் கென்சிங்டன் பூங்காவுக்குப் போங்கள். நுழைந்த சில நிமிடங்களில் தலைக்கு மேலே கீச்சென்று ஒரு கூட்டம் பறக்கும். அண்ணாந்து பார்த்தால் பச்சைக்கிளிகள்! நம் தென்னந்தோப்பில் பார்க்கும் அதே இனம், சிவந்த மூக்கு, கழுத்தில் அதே ஆரம். கூண்டிலிருந்து தப்பியவையும் விடுவிக்கப்பட்டவையும் பெருகி இப்போது லண்டன் முழுக்கக் குடியேறிவிட்டன. மார்ச் மாதம் மரப்பொந்துகளில் கூடு பிடிக்கும் காலம் என்பதால் சண்டை பலமாக இருக்கும். இலை இல்லாத கிளைகளில் அவற்றைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. சிலர் ஆப்பிள் துண்டை நீட்டி அவற்றைக் கையில் உட்காரவைப்பார்கள். வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்று, குளிரில் நின்றபடி கண்கலங்கினேன்.

கிளி பார்த்து முடித்ததும் தெற்கே பதினைந்து நிமிடம் நடந்தால் மூன்று பெரிய கூரைகள்: இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். முதலாவதின் நடுக்கூடத்தில் 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு பாய்ந்து இறங்குவது போலத் தொங்குகிறது. வார இறுதியில் பிள்ளைகளோடு போகிறவர்கள் இணையத்தில் இலவச நேரச் சீட்டு எடுத்துவைத்தால் வெளி வரிசையில் நனைய வேண்டாம். விக்டோரியா ஆல்பர்ட் வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து வரை திறந்திருக்கும். வேலை முடிந்து போகலாம்.

போகும் வழியில் கென்சிங்டன் தெருக்களின் வீட்டு முற்றங்களைக் கவனியுங்கள். இலை ஒன்றும் இல்லாமல் மொட்டைக் கிளைகளில் கைப்பிடி அளவுப் பூக்களோடு நிற்பது மேக்னோலியா. நம் செண்பகத்தின் நெருங்கிய உறவு. மொட்டைத் தொடாமல் கிட்டே போய்ப் பாருங்கள்: சாம்பல் நிற மயிர் போர்த்திய உறை, அணிலின் காது போல. அது பிளந்து ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும். ஓர் இரவுப் பனி விழுந்தால் எல்லாம் பழுப்பாகிவிடும், அதனால் பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே போய்விட வேண்டும்.

எழும்பூரின் மறுபாதி

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பூங்கா வேண்டுமென்றால் மூன்று நிமிட நடையில் ரஸ்ஸல் சதுக்கம் இருக்கிறது. மியூசியம் வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. எகிப்து மம்மிகளைப் பார்க்க ஊரே முண்டியடிக்கும். நீங்கள் 33-ஆம் அறைக்குப் போங்கள். அங்கே சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். அபிஷேகம் இல்லை, விளக்கு இல்லை, வெறும் மேடை. ஆனால் சுற்றிவந்து முதுகுப்புறத்தைப் பார்க்க முடிகிறது. எந்தச் சந்நிதியிலும் நமக்குக் கிடைக்காத காட்சி அது. விரிசடையின் பின்பக்கத்தைச் சிற்பி எவ்வளவு அக்கறையோடு முடித்திருக்கிறார் என்று அன்றுதான் கண்டேன்.

அதே கூடத்தின் கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் அமராவதிச் சிற்பங்கள். ஆந்திரத்துப் பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள். 1845-இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்தவை சென்னைக்கு வந்து, அங்கிருந்து 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. இதே ஸ்தூபத்தின் வேறு பல பலகைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே பார்த்தவர்களுக்கு, பிரிந்துபோன ஒரு குடும்பத்தின் இன்னொரு பாதியைச் சந்தித்தது போல இருக்கும். அவை இங்கே இருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. பார்த்துவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

கிரீனிச்: ஆற்றுக்கு அடியில் ஒரு நடை

வடகரையில் ஐலண்ட் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். கண்ணாடிக் குவிமாடம் போட்ட ஒரு சிறு வட்டக் கட்டடம் தெரியும். படியிறங்கினால் 1902-இல் திறந்த நடைபாதைச் சுரங்கம். வெள்ளை ஓடு பதித்த குழாய்க்குள், தேம்ஸ் தலைக்கு மேலே ஓட, நடந்தே தென்கரைக்குப் போய்விடலாம். பிள்ளைகளுக்கு எதிரொலி போதும்; அவர்கள் கத்தட்டும்.

பன்னிரண்டே முக்காலுக்குள் கிரீனிச் பூங்கா மேட்டில் ஏறிவிடுங்கள். வானாய்வகத்தின் கோபுரத்தில் ஒரு சிவப்புப் பந்து இருக்கிறது. 12.55-க்குப் பாதி உயரம் ஏறும், 12.58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்குக் கீழே விழும். ஆற்றில் நின்ற கப்பல்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்வதற்காக 1833 முதல் நடக்கும் ஏற்பாடு. காற்று பலமாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். வானாய்வகத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டில் இரண்டு காலையும் இரு பக்கம் வைத்துப் படம் எடுக்கத்தான் பலர் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கிறார்கள். அதே கோடு மதிலுக்கு வெளியே, கீழே போகும் பாதையிலும் தொடர்கிறது, அங்கே இலவசம். மழை வந்தால் அடிவாரத்திலேயே தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் அரசி மாளிகையும் இருக்கின்றன. இரண்டுக்கும் டிக்கெட் இல்லை.

இன்னும் நேரம் இருந்தால் கிழக்கே ஊல்விச் போய்ப் படகில் ஆற்றைக் கடக்கலாம். 1889 முதல் அந்தப் படகுக்குக் கட்டணமே கிடையாது.

மற்றவை, சுருக்கமாக

ரிச்மண்ட் பூங்காவில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட மான்கள் கட்டின்றி அலைகின்றன. ஐம்பது மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மார்ச், ஏப்ரலில் ஆண் செம்மான்கள் கொம்பு உதிர்க்கும். ஒற்றைக் கொம்போடு நிற்பதைப் பார்க்க நேரலாம். உதிர்ந்த கொம்பை எடுக்கக் கூடாது. ஹென்றி மன்னர் மேட்டில் வேலிப் புதருக்கு நடுவே ஓர் இடைவெளி வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் கண் வைத்தால் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் பால்ஸ் குவிமாடம் தெரியும். இந்தப் பூங்காவுக்கு அருகே கூரை இல்லை, அதனால் வானிலை அறிக்கை நிச்சயமாக நன்றாக இருக்கும் நாளில் மட்டும் போங்கள்.

ஹாலண்ட் பூங்காவில் ஜப்பானியத் தோட்டமும், தோகை விரிக்கும் மயில்களும். உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்க ஸ்கை கார்டன், ஹொரைசன் 22 இரண்டும் இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். முன்பதிவு கிடைக்காவிட்டால் ஃபென்சர்ச் தெருவின் 120-ஆம் எண் கட்டட மொட்டைமாடித் தோட்டத்துக்கு நேராகப் போய் ஏறலாம்.

நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கும்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்கக் கட்டணம் இல்லை. இங்கே வசிப்பவர்கள் தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதிக் கேட்டால் கட்டடத்தைச் சுற்றிக்காட்டவும் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். நான் வெளிநாட்டவன், எனக்கு யார் உறுப்பினர் என்று தயங்காதீர்கள். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே முறையான விசாவில் வசித்தால் வாக்காளர் பட்டியலிலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரிவதில்லை. இந்த மாதமே சேர்த்துவிடுங்கள், அதுவும் இலவசம்தான்.

க்யூ தாவரவியல் பூங்கா, ஹைகேட் கல்லறைத் தோட்டம், அருங்காட்சியகங்களின் சிறப்புக் கண்காட்சிகள் ஆகியவற்றுக்குக் கட்டணம் உண்டு. வாசல் வரை போய் ஏமாற வேண்டாம்.

கடிகாரம் மாறும் ஞாயிறு

மார்ச் கடைசி ஞாயிறை வடக்கு லண்டனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ச்வே சாலையில் ஹைகேட்ஹில் முருகன் கோயில் இருக்கிறது. குன்றுதோறாடும் குமரன் இங்கேயும் ஒரு குன்றைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். பங்குனி உத்திரம் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் வரும். தரிசனம் முடித்து, வாட்டர்லோ பூங்கா வழியாக மேற்கே நடந்து ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளிக்குப் போய்ச் சேருங்கள். பார்லிமென்ட் ஹில் என்ற மேட்டில் ஏறினால் நகரம் முழுவதும் கீழே விரியும். நல்ல காற்று இருந்தால் யாராவது பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். முந்தின நாள் இருட்டிப்போயிருந்த அதே பொழுதில் அன்று வெயில் இன்னும் மிச்சம் இருக்கும். மேட்டின் தெற்குச் சரிவில் பெஞ்சுகள் இருக்கின்றன. கொண்டுபோன டப்பாவை அங்கே திறங்கள். ஆறரைக்குப் போனால் இடம் கிடைக்கும்.